ஐந்து பேர் வருகிறார்கள்

"மாபெரும் அமைப்புகள் எதுவும் வெளிப்பகையால் அழிஞ்சதில்ல. உள்ளேயே உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருக்கிற துரோகியாலதான் அழிஞ்சிருக்கு!"

எகிப்தின் போர்ட் சயீத் நகரில், பழைய கலங்கரை விளக்க நண்பர்கள் சங்கத்தின் தலைவர் உஸ்தாத் வஜ்தி இதை எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி முழங்கினார். மாபெரும் அமைப்பில் அவரையும் சேர்த்து நான்கு பேர். அதில் ஷுக்ரி தூங்கிக்கொண்டிருந்தார்.

டீ குடித்துக்கொண்டிருந்த செயலாளர் இன்ஸாஃப் அம்மாள் கண்ணாடித் தம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

உஸ்தாத் தொடர்ந்தார்: "கவர்னர் ஆபீஸுக்குப் பதினோரு மணிக்குப் போறேன். பத்தரைக்கே அந்த இஸ்ஸத் வந்துட்டுப் போயாச்சுங்கறாங்க. நம்ம விழாவுக்கு சிம்சிமிய்யா யாழ் வாசிக்கிற கோஷ்டியைப் பிடிக்கப் போறேன். முந்தின நாளே அவன் பேசி முடிச்சுட்டான். எப்படி?"

இஸ்ஸத் மூன்று வருடத்துக்கு முன்புவரை இங்கேதான் துணைத்தலைவர். கல்வெட்டில் யார் பெயர் முதலில் வருவது என்ற கொள்கைப் பிரச்சினையில் வெளியேறி, எதிர்த்தெருவில் 'பழைய கலங்கரை விளக்கத்தின் உண்மையான நண்பர்கள் சங்கம்' ஆரம்பித்தவர். போகும்போது சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் எடுத்துப் போகவில்லை. உஸ்தாத் அதையே இன்னும் மன்னிக்கவில்லை.

"நான் எங்க போறேன்னு என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. போன்ல இருக்கிற சங்கத்துக் காலண்டர்ல மட்டும்தான் எழுதறேன். அதைப் பார்க்கறது நாம நாலு பேர்."

"எனக்குக் கண்ணே சரியாத் தெரியாதுப்பா," என்றார் பொருளாளர் ஹாஜி பையூமி அவசரமாக. "ஷுக்ரிக்கு போனைத் திறக்கவே தெரியாது."

மிச்சம் ஒருவர்தான். உஸ்தாத் அந்தப் பக்கம் பார்க்காமல் பேச முயன்றார், முடியவில்லை. போன ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, பேரீச்சம்பழத்தைக்கூட வாயில் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தது இந்த இன்ஸாஃப்தான். பதினோரு வருடம் ஒரு காசு வாங்காமல் உழைத்த கை. அதுவா காட்டிக்கொடுத்தது?

"நான் ஆதாரமில்லாமப் பேசறவன் இல்ல," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "போன வியாழக்கிழமை வேணும்னே ஒரு பொய் எழுதி வெச்சேன். 'காலை ஒன்பது மணி, போர்ட் ஃபுவாத் படகுத்துறை, கிரேக்கக் கப்பல் முதலாளி சந்திப்பு'ன்னு. எதிர்த்தாப்புல காபிக் கடையில உட்கார்ந்து பார்த்தேன். ஜூலை வெயில்ல, கோட்டு சூட்டோட, கையில பூங்கொத்தோட, மத்தியானம் வரைக்கும் நின்னான் இஸ்ஸத்!"

ஹாஜி சிரித்துவிட்டு, சிரிக்கக்கூடாத இடம் என்று உணர்ந்து தாடியைத் தடவினார்.

"உஸ்தாத், அந்தக் காலண்டர் விஷயமா நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார் இன்ஸாஃப்.

"மறுபடியும் அதையா? புதுக் காலண்டர், மாசாமாசம் கட்டணம்! சும்மா கிடைக்கிறதை வெச்சு நடத்தற சங்கம் இது. பேச்சை மாத்தாதீங்க மேடம்!"

'மேடம்' என்ற சொல் இன்ஸாஃபைச் சுட்டது. இத்தனை நாள் அவர் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

உஸ்தாத் போனை எடுத்தார். இந்தக் கூட்டத்தையும் முறைப்படி காலண்டரில் ஏற்றி, 'எல்லோரையும் அழை' என்பதை அவரே அழுத்தியிருந்தார். உரக்கப் படித்தார்:

"அவசரக் கூட்டம். காலை பத்து மணி. பொருள்: துரோகியை வெளியேற்றுதல். ஐந்து பேர் வருகிறார்கள்."

ஐந்தா? தலைவர் என்பதால் தன்னை இரண்டாக எண்ணியிருக்கும், முறைதானே என்று நினைத்துக்கொண்டார்.

"உங்க வாயால நீங்களே சொல்லிடுங்க. அவனுக்கு யார் சொல்றது?"

இன்ஸாஃப் கைப்பையைத் திறந்து அலுவலகச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். சாவி தம்ளரில் பட்டு 'ணங்' என்றது. ஷுக்ரி விழித்துக்கொண்டு, "தீர்மானம் நிறைவேறிடுச்சா?" என்றார்.

"நிறைவேறிடுச்சு," என்றார் உஸ்தாத். "முதுகுல குத்தினது வெளியாளா இருந்தா நான் தாங்கியிருப்பேன்."

அப்போது கதவு தட்டப்பட்டது. மூக்கு நுனியில் வெயில் பட்டுத் தோல் உரிந்த ஒரு மனிதர், கையில் பஸ்பூசா இனிப்புப் பெட்டியுடன் தலையை நீட்டினார்.

"மன்னிக்கணும், கொஞ்சம் லேட்டாயிடுச்சு. ஆரம்பிச்சுட்டீங்களா?"

இஸ்ஸத்!

"உன்னை யாருய்யா இங்க கூப்பிட்டது?" உஸ்தாத் கத்தினார்.

"நீங்கதான்." இஸ்ஸத் தன் போனைத் திருப்பிக் காட்டினார். அதே காலண்டர், அதே கூட்டம், அதே ஐந்து பேர். "யாரை வெளியேத்தறீங்கன்னு போடலையேன்னு பார்க்க வந்தேன். அப்புறம் அந்தக் கிரேக்கக்காரர் கடைசிவரைக்கும் வரவே இல்ல, உங்களுக்கு ஏதாவது தகவல் உண்டா?"

உஸ்தாத் இஸ்ஸத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடைசியில் இன்ஸாஃபைப் பார்த்தார். இன்ஸாஃப் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நெருங்கியிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"காலண்டர் இன்னமும் அவர் பேர்லதான் இருக்கு, உஸ்தாத். புதுசு வாங்கினா செலவுன்னு நீங்கதான் அதையே வெச்சுக்கச் சொன்னீங்க."