பத்து லிட்டர்

“கேஸ் போட்டே ஆகணும் சார். முந்திரிக்காட்டு ஷெட்டுல சாராயம் காய்ச்சுறாங்க” என்றாள் வியாகுலமேரி. உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

எஸ்.ஐ. நிலவழகன் சிரித்தார். “அது புதுக்கோட்டை காலேஜ் பிள்ளைங்கம்மா. உதிர்ந்து கெடக்குற முந்திரிப் பழத்துல எரிபொருள் எடுக்குறாங்க. முறைப்படி அனுமதி இருக்கு. அவங்க செஞ்ச ரேஸ் கார் அதுலதான் ஓடப்போகுது.”

“சாராயத்துல கார் ஓடுமா? யாருகிட்ட கதை விடுறாங்க?”

“ஓடுறதென்ன, பறக்கும்மா! கேஸ்னு போட்டா பிள்ளைங்க படிப்பே போயிரும். டீம் லீடர் ஜாஸ்பினோட அம்மாவ நெனச்சுப் பாத்தீங்களா?”

“அந்த அம்மாவே நான்தான் சார்.”

எஸ்.ஐ.யின் சிரிப்பு நின்றது.

“அவ அப்பாவும் மொதல்ல வாசனைதான் பாத்தாரு. குடிச்சே போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு. எம் மக ஜெயிலுக்குப் போனாலும் உசுரோட இருக்கட்டும்.”

எஸ்.ஐ. அவளை ஜீப்பில் ஏற்றி ஷெட்டுக்கே அழைத்துப் போனார். போலீஸோடு வந்து நின்ற அம்மாவைப் பார்த்ததும் ஜாஸ்பினுக்குப் புரிந்துவிட்டது. எரிபொருள் இருந்த கேன் முழுவதையும் அம்மாவின் கண்ணெதிரே காரில் ஊற்றி, தானே ஓட்டினாள். கார் உறுமிக்கொண்டு முந்திரிக்காட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் திணறி நின்றது.

“மிச்சம் எங்கடி?”

“இல்லம்மா. பத்து லிட்டரும் எரிஞ்சுபோச்சு.”

வியாகுலமேரி காலி கேனைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஷெட்டில் கிடந்த பழக்கூடையைத் தூக்கினாள்.

“அங்கிட்டு இன்னும் பழம் கெடக்கு பாரு. வா, எல்லாத்தையும் எரிச்சிருவோம்.”