ஆர் வைத்த கையெழுத்து?

"உள்ள விடாதாம் எண்டா? நான் என்ன கள்ளனா புள்ள?"

அழகரத்தினம் மேசையில் ஓங்கித் தட்டினார். மீனவர் பதிவுக்கு இன்றுதான் கடைசி நாள். தவறினால் வருகிற வருடம் முழுக்க வாவியில் வலை போட முடியாது.

மீன்பிடிக் கந்தோரில் பதிவு செய்யும் உத்தியோகத்தர் கம்சாயினி கம்பியூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்களை இல்ல ஐயா. எல்லாற்ற பேரும் டவுன் கந்தோர் டேட்டாபேஸ் சேர்வரிலதான் கிடக்கு. நேத்து அதைப் புது மெசினுக்கு மாத்தியிருக்காங்க. அது நம்மட சேர்வர்தான் எண்டதுக்கு ஒரு எஸ்எஸ்எல் சேட்டிபிக்கட் காட்டோணும். காட்டுது, ஆனா செல்லாது."

"ஏனாம்?"

"தனக்குத் தானே கையெழுத்து வைச்சிருக்கு. பொறுப்பான வேற ஆள் வைக்கோணும்."

அழகரத்தினத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. வரிசையில் பின்னால் நின்ற சின்னத்தங்கத்தின் பக்கம் கிறுகினார்.

"கேட்டியா? நம்மட சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி மாதிரித்தான். தான் நல்லவன் எண்டு தானே சொல்லித் திரியிறான்!"

"தேத்தண்ணிக் கதை இன்னும் முடியலியா?" என்று சின்னத்தங்கம் சிரித்தாள்.

எப்படி முடியும்? பதினொரு வருடத்துக்கு முந்திச் சங்கக் கூட்டத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி நீட்டிய வினாயகமூர்த்தி, இவரை மட்டும் தாண்டிப் போனவர். அன்றிலிருந்து அவர் வீட்டுப் படலையை இவர் திறந்ததில்லை.

"சரி புள்ள, அந்தக் கையெழுத்தைப் பார்க்காம என்ட பேரைப் பதிஞ்சு விடன்."

"ஏலும். மறுகா நடுவில எவனாவது சேர்வர் மாதிரி நடிச்சா, உங்கட அடையாள அட்டை விபரமெல்லாம் அவன்ட கையில."

அழகரத்தினம் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப விடாத! தன்ட கையெழுத்தோட வாறவனை வாசலோட திருப்பி அனுப்போணும். நாட்டைக் கெடுக்கிறதே இவனுகள்தான்."

கம்சாயினி டவுனுக்குப் போன் எடுத்து ஏசினாள். அரை மணித்தியாலத்தில் சேர்வருக்கு ஒழுங்கான சேட்டிபிக்கட்டைப் போட்டுவிட்டார்கள்.

"இப்ப சரி. பேரைச் சொல்லுங்க."

"அழகரத்தினம், பெரியகல்லாறு. நான் மீன்காரன்தான் எண்டு சங்கத் தலைவர் தந்த கடிதமும் இருக்கு." பையில் இருந்து பாதிக் கடிதத்தை வெளியே இழுத்தார்.

கம்சாயினி திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"கடிதம் தேவையில்ல ஐயா. போன மாசமே தலைவர் இஞ்ச வந்து உங்களுக்காகக் கையெழுத்து வைச்சிட்டுப் போயிட்டார். 'ஆள் கோவக்காரன், என்னட்டக் கேட்டு வரமாட்டார். அவர்ட தொழில் நிக்கக்கூடாது' எண்டவர்."

அழகரத்தினம் கடிதத்தைக் கையால் மறைத்தார்.

"எதுக்கும் அந்தக் கடிதத்தையும் தாங்க, பைலில போடுவம்."

"இது... இது மருந்துத் துண்டு புள்ள."

அவசரமாக நாலாய் மடித்து உள்ளே தள்ளினார். விடிய வெள்ளன எழும்பி, பேரப்பிள்ளையின் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதிப் பழகி, 'வினாயகமூர்த்தி' என்று அழகரத்தினமே வைத்த கையெழுத்து அதில் இருந்தது.