புஷ்பா பார்த்த பெண்

மகனைப் பார்க்க ஹனோவருக்கு வந்திருந்த புஷ்பா, பழைய நகரத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாள். வழிகாட்டி கம்சனா இலங்கைத் தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் அவள் பக்கத்திலேயே ஓட்டினாள்.

"என்னம்மா படிச்சிருக்கே?"

"வரலாறு படிச்சனான், அன்ரி."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லை."

"அம்மா, பேசாம வாங்க," என்று பின்னாலிருந்து கெஞ்சினான் மகன் நரசிம்மன். ஆனாலும், தேவாலய வாசலில் எல்லோரும் இறங்கியபோது ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் கோதிக்கொண்டான்.

"கும்பகோணத்துக்கு வரியா? எங்க வீட்டுலயே இருக்கலாம்," என்றாள் புஷ்பா.

கம்சனா நரசிம்மனை ஒருமுறை பார்த்தாள். "இதை அம்மா அப்பாவிட்டையல்லோ கேக்க வேணும், அன்ரி?"

"கேட்கிறேன். ரெண்டு மாசம்தானே."

"ரெண்டு மாசமோ?"

"போதாதா? எங்க ஊர்க் கோயில்களை இதே மாதிரி சைக்கிள்ல சுத்திக் காட்டப்போறேன். ரிடையர் ஆனதிலேர்ந்து இதே யோசனைதான். நீ வந்து எங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு வழிகாட்டி வேலையைப் பழக்கி விடு. சம்பளம் தரேன்."

கம்சனா சிரித்துவிட்டாள். "ஓம் அன்ரி, வாறன்."

நரசிம்மன் தொண்டையைச் செருமினான். "அம்மா, நானும் லீவு போட்டுட்டு வரேன். உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்."