கொட்டுக் கேசட்

தெரசாள் கொடுத்த கேசட்டைத்தான் வெள்ளத்துரை இன்றைக்கும் போட்டான். போட்டுவிட்டு, டேப்ரிக்கார்டரின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். தெருவே அதிர்ந்தது.

தெரசாள் அவன் வேலை பார்க்கும் விசைத்தறிக் கூடத்தில், தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் தார் சுற்றுகிறவள். அவள் தம்பி பேண்டு செட்டில் டிரம் அடிக்கிறவன். மாதா கோயில் சப்பரத்துக்கு அவன் அடித்ததை கேசட்டில் பிடித்து இவனுக்குக் கொடுத்திருக்கிறாள். பாட்டு என்று பேர்தான், முக்கால்வாசியும் கொட்டு.

அடுப்படியில் குழம்பு கொதிப்பதற்கு முன்னால் முருகேஸ்வரி கொதித்தாள். அவன் பெண்டாட்டி அல்லவா, கொதிக்காமல் என்ன செய்வாள்?

கல்யாணமான புதிதில் வெள்ளத்துரைக்குக் கொட்டுச் சத்தமே ஆகாது. குழலும் வீணையும் வரவேண்டும், பெண் குரல் மெல்ல இழுத்துப் பாடவேண்டும். அப்படிப்பட்ட பாட்டாகப் பொறுக்கி, அருப்புக்கோட்டை பஜாரில் ரெக்கார்டிங் கடைக்காரனின் உயிரை எடுத்து, அவளுக்காக ஒரு கேசட் பதிந்து வந்தான்.

திருச்சுழிப் பக்கத்துக் காட்டு வேலையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவளுக்கு அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. பாத்திரம் விளக்கும்போது கூடவே பாடுவாள்.

"டேப்ப அமத்திட்டு வாரேன். நீயே பாடு புள்ள" என்பான்.

அந்த ஒரு வார்த்தைக்காக, விளக்கிய பாத்திரத்தையே அவள் மறுபடி விளக்கியதுண்டு.

இப்போது அந்தக் கேசட் துணிகளுக்கு அடியில் கிடந்தது. போன வாரம் அவளாக அதை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவன் எழுந்து அமத்திவிட்டான்.

எதிரே போய் நின்று கேட்டாள். "ஏங்க, நல்லா இல்லையா?"

"வேணாம்." இப்போதெல்லாம் அவனுக்கு எதையும் அதட்டித்தான் சொல்ல வருகிறது.

"அப்ப எதுதேன் நல்லாருக்கு?"

அதற்குள் முதுகைக் காட்டிவிட்டான். தெரசாள் கேசட்டை எடுத்துச் செருகினான். அதுதான் பதில் என்று முருகேஸ்வரி எடுத்துக்கொண்டாள்.

இன்றைக்கு வேலைக்குக் கிளம்பியவன் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை மறந்துவிட்டான். வாசல்வரை ஓடிவந்து கூப்பிட்டாள். காதிலேயே வாங்காமல் நடந்தான்.

எதிர் வீட்டு சுப்பம்மாளுக்கு இது போதாதா?

"ஏத்தா, ஒம் புருசனும் அந்தத் தார் சுத்துற பொண்ணும் சாடையிலயே பேசிக்கிடுறாகளாம்ல."

"தறிச் சத்தத்துல எல்லாரும் சாடையிலதேன்க்கா பேசுவாக."

விட்டுக்கொடுக்காமல் சொன்னாளே தவிர, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டாள். கறுப்பியோ சிவப்பியோ, அவளை இன்றைக்கு ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

பாதி வழியில் கரண்டு போனது. தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்த தறிகள் ஒட்டுக்க நின்றன. கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது, ஒரு மூலையில் யாரோ பாக்குக் கடிப்பதுகூடக் கேட்டது.

கடைசித் தறியண்டை வெள்ளத்துரை வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவனுக்கு எதிரே தெரசாள். அவள் கை அசைந்தது, உதடு அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு தலையாட்டினான், சிரித்தான்.

தறி ஓடினால் சரி. நின்ற தறிக்கு எதற்குச் சாடை? முருகேஸ்வரி தூக்குச்சட்டியை டங்கென்று தரையில் வைத்தாள்.

"கரண்டு போன பெறகும் ரெண்டு பேருக்கும் என்ன சாடை வேண்டிக்கெடக்கு?"

கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். வெள்ளத்துரை மட்டும் திரும்பவில்லை.

"நான் இங்க கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டீக. அம்புட்டுக்கு ஆகாதவளாப் போயிட்டேனா? நான் எங்க ஊருக்கே போறேன். நீங்க இவளோடயே கொட்டுக் கேட்டுக்கிட்டு இருங்க."

தெரசாள் கோபப்படவில்லை. அவன் தோளைத் தொட்டுப் பின்னால் கைகாட்டினாள். பிறகு முருகேஸ்வரியைப் பார்த்தாள்.

"முன்னால வந்து சொல்லுங்கக்கா. மெதுவாச் சொன்னாலும் போதும்."

முருகேஸ்வரி முன்னால் வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கோபத்தில் பாதி அழுகையாகப் போய்விட்டது.

"எனக்குன்னு பதிஞ்சு கொண்டாந்தீகளே, அந்தக் கேசட்டு என்ன பாவம் பண்ணுச்சு? அவளுக்குப் புடிச்ச பாட்டுதேன் இப்ப ஒங்களுக்கும் புடிக்குதா?"

அவள் உதடு நிற்கிறவரை வெள்ளத்துரை பார்த்துக்கொண்டே இருந்தான். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதுபோல அவர் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பினான். பிறகு அவள் பக்கமாகக் குனிந்தான். ரகசியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். கூடம் முழுக்கக் கேட்டது.

"கொட்டு மட்டுந்தேன் எனக்குக் கேக்குது புள்ள. நீ பாடுறதுதேன் மொதல்ல கேக்காமப் போச்சு."