வடிவாய்க்கால் வழக்கு

“இன்னும் நம்மளக் கூப்பிடல, மாமி. இப்பக்கூட வழக்கை வாபஸ் வாங்கிடலாம்.”

கோர்ட் வராந்தாவில் ஜாபிர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். முத்துப்பேட்டைக்கு வெளியே வடிவாய்க்காலைத் தூர்த்து, வீட்டுமனை போட்டு விற்றுக்கொண்டிருப்பவர் அவர். எதிர்த்து வழக்குப் போட்ட ஆசியா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாரே தவிர, மசியவில்லை.

ஜாபிர் விடுவதாயில்லை. மனை வாங்கியவர்கள் எல்லாரும் துபாயிலும் சவூதியிலும் வெயிலில் காய்கிறவர்கள்; பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நம் ஊரில் நிக்காஹ் நடக்குமா, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் இத்தனை குமருகளின் பாவம் உங்களைச் சும்மா விடுமா என்று அடுக்கினார்.

“அந்தப் புள்ளைங்களுக்காகத்தான் வந்திருக்கேன்,” என்றார் ஆசியா. “புயலுக்குப் புயல் கடல் உள்ள வருது. ஒரு மாச மழை ஒரே நாள்ல கொட்டுது. வாய்க்காலை அடைச்சுட்டா தண்ணி எங்கங்க போவும்? சீர் கொடுத்த வீட்டுல, பச்சப்புள்ளையத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?”

சீனியருக்குக் காய்ச்சல் என்பதால், தஞ்சாவூரிலிருந்து முதல்முறையாக இந்த வழக்குக்கு வந்திருந்த இளம் வக்கீல் மாலதி அசந்துபோனாள். ஆள்பலமும் பணபலமும் உள்ள மனிதரிடம் என்ன ஒரு நெஞ்சுரம்! இந்த அம்மாவுக்காகவே ஜெயித்தாக வேண்டும் என்று தோன்றியது. மழையும் கடலும் மாறிவிட்ட காலத்தில், பழைய மழைக் கணக்கைப் பார்த்து இந்த மனைகளுக்குக் கொடுத்த அனுமதி எப்படிச் செல்லும் என்று உள்ளே போய் விளாசித் தள்ளினாள்.

மனை வேலைக்குத் தடை. வாய்க்காலை உடனே திறந்துவிடவும் உத்தரவு. ஜாபிரின் முகம் செத்துப்போயிற்று.

வெளியே வந்ததும் மாலதிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தோற்ற ஆத்திரத்தில் இந்த மனிதர் வழியில் ஏதாவது செய்துவிட்டால்? தானே வீடுவரை கொண்டுவந்து விடுவதாக அவள் ஆசியாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஜாபிரின் கார் வேகமாக வந்து பக்கத்தில் நின்றது. மாலதி ஆசியாவின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“பயப்படாதீங்கம்மா,” என்று சிரித்தபடியே கையை விடுவித்துக்கொண்டு, ஆசியா காரில் ஏறி உட்கார்ந்தார். “என் மகளைக் கட்டினவருதான். எங்க ஊர்ல மாப்பிள்ளை, பொண்ணு வீட்டோட இருக்கிறதுதான் வழக்கம். நான் போய்த்தான் இவருக்குச் சோறாக்கணும்.”