பொம்மையின் பெயர்

“சொல்லு கண்ணு, இந்தப் பொம்மையோட பேரு என்ன?”

ஷர்னா வாயைத் திறக்கவில்லை. ஐந்து வயது. செம்மண் படிந்த கால்களை நாற்காலிக்கு அடியில் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மாரியன் பெண் பொம்மையைத் தூக்கினாள். “சரி, இது யாரு?”

“லூசி!”

“சபாஷ். அப்ப இவன்?”

ஷர்னா கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“டேரல். இப்பத்தானே சொன்னேன்? எங்க, நீ சொல்லு பாப்போம். டேரல்.”

ஷர்னா கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே தரையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா கோரலி, தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். மகளுக்குப் பதில் தெரியாத வெட்கம் போலிருக்கிறது என்று மாரியன் நினைத்தாள். பாவமாக இருந்தது.

குழந்தைகளைச் சோதிக்கும் மனநல நிபுணரான மாரியன், மெல்போர்னிலிருந்து இந்த ஆஸ்திரேலியப் பழங்குடி ஊருக்கு நேற்றுதான் வந்திருந்தாள். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று இந்த வயதுக் குழந்தைக்குப் புரிகிறதா? அதைப் பார்க்கத்தான் இந்தப் பொம்மை விளையாட்டு. பெயர்களைச் சொல்லாவிட்டால் மேலே போக முடியாது. தேறாத குழந்தைக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தனிப் பள்ளி, விடுதி வாசம். இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர்.

“கடைசித் தடவை கேக்கறேன். சொல்லிட்டா அம்மாகூடவே இருக்கலாம். டவுனுக்குப் போக வேணாம்.”

ஷர்னாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

“மிஸ்... லூசியோட அண்ணன்னு சொல்லட்டுமா?”

“அது செல்லாதுடா. பேரைச் சொல்லணும்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். மாட்டேன்.

மாரியன் பெருமூச்சோடு தாளில் எழுதினாள்: ‘பிறர் மனதை உணரும் வளர்ச்சி இல்லை. தனிப் பள்ளிக்குப் பரிந்துரைக்கிறேன்.’

பள்ளி உதவியாளர் நெரிடா உள்ளே வந்தாள். இந்த ஊர்க்காரி.

“என்ன மிஸ், எங்க வாயாடி உங்களையும் பேசவிடாம பண்ணிட்டாளா?”

“வாயாடியா? ஒரே ஒரு பேரைச் சொல்ல மாட்டேங்கறா, நெரிடா. டேரல்னு...”

நெரிடா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“வேணாம் மிஸ், திரும்பச் சொல்லாதீங்க. செத்தவங்க பேரை நாங்க சொல்றதில்ல. பெத்தவ காதுல விழுந்தா தாங்கமாட்டா. போன மாசம் வண்டி கவுந்து செத்தானே இவ அண்ணன், அவன் பேரு அது. அம்மா கேட்டுட்டு இருக்காளேன்னுதான் புள்ள வாயைத் திறக்கல.”