பலகை உதைக்காத வெடி

மூதூரிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் மோட்டர் வள்ளத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் றுஷ்தா டீச்சர். தூரத்தில், அவள் கையால் தைத்த நீலப் படங்கைக் கூரையாகக் கட்டிய தோணியருகே கடல் வெள்ளையாகக் கொப்பளித்து எழுகிறது. மறுகணமே, என்ஜினின் நடுக்கத்தையும் மீறி, வள்ளத்தின் அடிப்பலகை அவள் உள்ளங்காலில் ஓங்கி உதைக்கிறது. மூன்று எண்ணிய பிறகுதான் சத்தம் காதில் அறைகிறது. "டீச்சர், மீனுக்கு வெடி போடுறானுகள்," என்கிறாள் பக்கத்தில் இருக்கும் பரீதா. காலையில் இதைக் கேட்டதற்குத்தான் றுஷ்தாவின் புருஷன் ஹஸ்மி தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் அடித்து நொறுக்கினான். "நான் வெடி போடுறத நீ கண்ணால கண்டியா?" காணவே தேவையில்லை, ஒரு நிகழ்வு அளக்கக்கூடிய தடயம் ஒன்றை விட்டால் போதும், அது அவதானிக்கத்தக்கது என்று பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவள் அவள். தண்ணீருக்குள் வெடித்தால் அதிர்ச்சி முதலில் பலகைக்கு வரும். காற்றில் வரும் சத்தம் பிந்தித்தான் காதுக்கு வரும். செத்து மிதக்கும் மீன்களின் வெள்ளை வயிறுகளைக் கிழிக்கப் பறவைகள் ஒன்றையொன்று கொத்துகின்றன. நீலப் படங்கின் கீழ் ஹஸ்மி எழுந்து அடுத்த வெடியை எறியக் கையை ஓங்குகிறான். பளிச்சென்று ஒரு வெளிச்சம். படங்கு கிழிந்து மேலே பறக்கிறது. றுஷ்தா இரண்டு கால்களையும் பலகையில் அழுத்திக்கொண்டு காத்திருக்கிறாள். பலகை உதைக்கவில்லை. வெடி தண்ணீரைத் தொடவில்லை. அவன் கையை விட்டே போகவில்லை. ஒன்று, இரண்டு என்று அவள் உதடு எண்ணுகிறது. சத்தம் இன்னும் காற்றில் வந்துகொண்டிருக்கிறது.